கிருபாஷினியின் பந்தில் ஒரு சிவப்புக் கோடு

செப்டம்பர் 30, திங்கள்

இதை யார் கையில் எடுத்திருந்தாலும் சரி, தயவுசெய்து வேறு யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் மாமாவிடம். கெஞ்சுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். இருந்தாலும் கெஞ்சுகிறேன். படித்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். உங்களுக்கு மனசாட்சி இருக்கும் என்று நான் நம்பவில்லை. சோம்பல் கட்டாயம் இருக்கும். ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுவதைவிடச் சும்மா இருப்பது சுலபம், அல்லவா?

என் பெயர் தமயந்தி. எனக்குப் பதினைந்து வயது, பள்ளியில் படிவம் மூன்றில் படிக்கிறேன். அம்மா சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அதனால் மலேசியாவில், ஈப்போ நகரில் அம்மாவின் தம்பி முகுந்தன் மாமா வீட்டில் இருக்கிறேன். அத்தைக்கு மருத்துவமனையில் இரவு வேலை. மாமா கூடத்தில் தொலைக்காட்சியை அலறவிட்டிருக்கும்போதுதான் இதை எழுத முடிகிறது.

பேரங்காடியின் மூன்றாவது மாடியில், கனமான பந்தை உருட்டிப் பத்துக் கட்டைப் பின்களைச் சாய்க்கும் பௌலிங் நிலையத்துக்குள் மாமாவுக்கு ஒரு கண்ணாடி அறை உண்டு. பந்துகளுக்கு விரல் துளை போடுவது, அவை குடித்த எண்ணெயை எடுப்பது, தேய்ப்பது, மெருகேற்றுவது, உடைந்தால் அடைப்பது எல்லாம் அங்கேதான். வாசலில் 'பந்து மருத்துவர்' என்று பலகை மாட்டியிருக்கிறார். வெள்ளை மேலங்கியும் வைத்திருக்கிறார். யாராவது பந்தைக் கொண்டுவந்தால் காதருகே வைத்து விரலால் தட்டி, கண்ணை மூடிக்கொள்வார். தட்டினால் ஒன்றும் தெரியாது. ஆனால் வந்தவர்கள் பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் அப்பாவைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வளர்ந்த மனிதர்கள். பலருக்குத் தொப்பை வேறு.

இன்று கிருபாஷினி தன் பந்தைக் கொடுக்க வந்தாள். எங்கள் பள்ளி அணியில் முதல் ஆட்டக்காரி. ஊதா நிறப் பந்து. அதற்கு 'ராணி' என்று பெயர் வைத்திருக்கிறாள். மாமாவிடம் கொடுப்பதற்கு முன் அதற்கு ஒரு முத்தம் கொடுத்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். 19-ஆம் தேதி மாநிலப் போட்டி. அதற்குள் ராணிக்கு எண்ணெய் எடுத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டுமாம்.

நானும் அந்த அணியில்தான் இருக்கிறேன், மாற்று ஆட்டக்காரியாக. நால்வரில் யாருக்காவது காய்ச்சலோ காயமோ வந்தால்தான் எனக்கு இடம். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அக்டோபர் 2, புதன்

கதவில் சாய்ந்து நின்றபடி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

பௌலிங் தளத்தில் எண்ணெய் பூசியிருப்பார்கள். பந்து உருளும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிடும். நிறையக் குடித்த பந்து வளையாமல் மந்தமாக நேரே போகும். எண்ணெயை வெளியே எடுக்க ஒரு முறை இருக்கிறது. துளைகளை நாடா ஒட்டி மூடி, கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் வைத்து, பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, பந்தை அதில் ஊறவைக்க வேண்டும். எண்ணெய் மேலே மிதக்கும். தண்ணீர் ஆறினால் மாற்ற வேண்டும். இது பொறுமை வேண்டிய வேலை. மாமாவிடம் மேலங்கி இருக்கிறது, பொறுமை இல்லை.

நேற்று அவர் மூன்று பந்துகளை எடுத்துப் போய் மொட்டைமாடிக் கார் நிறுத்தத்தில், காரின் பின்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். வெயிலில் தானாக வியர்த்து எண்ணெய் வந்துவிடுமாம். ஈப்போ வெயிலில், மூடிய இரும்புப் பெட்டிக்குள். வெடித்துவிடும் மாமா என்று சொன்னேன்.

"நீ என்னா, பந்துக்குப் பால் குடுத்து வளத்தவளா?" என்றார்.

இன்று பள்ளி விட்டுப் போனபோது அவர் பின்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். பந்துகள் எண்ணெய் கக்கித்தான் இருந்தன. அவருக்கு முகமெல்லாம் பெருமை. கிருபாவின் பந்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, நேராகக் குளிர்சாதனத்தின் வாய்க்கு அடியில் வைத்தார். சீக்கிரம் ஆறட்டும் என்று.

டிக் என்று ஒரு சத்தம். காதருகே வைக்காமலேயே கேட்டது.

இரண்டு விரல் துளைகளுக்கு நடுவில் இருக்கும் குறுகிய இடத்தை நாங்கள் பாலம் என்போம். அந்தப் பாலத்தின் குறுக்கே முடிபோல ஒரு விரிசல்.

மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பந்தைப் பார்த்ததைவிட அதிக நேரம் என்னைப் பார்த்தார்.

அக்டோபர் 4, வெள்ளி

பாலம் விரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு துளைகளையும் பெரிதாகக் குடைந்து, பிசின் ஊற்றி முழுக்க அடைத்து, அது கல்லாக இறுகும்வரை ஒன்றரை நாள் விட்டு, மறுபடி புதிதாகத் துளை போட வேண்டும். மாமாவால் இது முடியும். இயந்திரம் இருக்கிறது, பிசின் இருக்கிறது. ஆனால் அடைத்த இடம் வேறு நிறத்தில் நிலா மாதிரித் தெரியும். கிருபா கேட்பாள், அவள் அம்மா கேட்பார். பந்து மருத்துவர் நோயாளியைக் காருக்குள் வைத்துப் பொரித்த கதை மூன்றாவது மாடி முழுக்கப் பரவும்.

அதனால் மருத்துவர் செய்த அறுவை சிகிச்சை இதுதான். செருப்பு ஒட்டுகிற பசையை விரிசலுக்குள் விட்டார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். மேலே அத்தையின் ஊதா நகப்பூச்சைத் தடவினார். சிரிக்கவில்லை நான். நாக்கைக் கடித்துக்கொண்டு சின்னத் தூரிகையால் அவர் நகப்பூச்சுத் தடவும்போது அந்தத் தூரிகையைப் பிடித்திருந்த பக்தியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் துளைகளில் புது விரல் ரப்பர்களைப் பொருத்தினார். உள்ளே இருப்பது மறைந்துவிட்டது.

"பாத்தியா? ஃபேக்டரியில வந்த மாரி இருக்கு."

விரல் உள்ளே இருக்கும்போது பசை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். பந்தை உருட்டிவிடும் நேரத்தில் அதன் முழு எடையும் அந்த இரண்டு விரல்களில்தான் தொங்கும்.

"வாய மூடிட்டு அந்தப் பச்சப் பந்தத் தேய்" என்றார்.

தேய்த்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

அம்மா தொலைபேசியில் பேசினார். பசியாறிட்டியா என்று கேட்டார். பிறகு மாமாவின் புகழைப் பாடினார். தம்பி இல்லையென்றால் உன்னை எங்கே விட்டிருப்பேன், விடுதியில்தான் கிடந்திருப்பாய் என்றார். மாமா பக்கத்திலேயே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு சுளை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அம்மா தம்பியைத்தான் நம்புவார். மாமா சிறு வயதில் மேடையில் நாடகம் நடித்ததை அம்மா இன்னும் மறக்கவில்லை. அந்த நாடகம் இன்னும் முடியவில்லை என்பது அம்மாவுக்குத் தெரியாது.

அக்டோபர் 7, திங்கள்

கிருபா பந்தை வாங்கிப் போனாள். பந்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, புதுசு மாதிரி இருக்கு அங்கிள் என்று ஒரு குதி குதித்தாள். பதினைந்து வயதில் குதிக்கிறாள். மாமா கையைக் கட்டிக்கொண்டு, இந்தப் பந்துக்கு எண்ணெய் நுரையீரல்வரை போயிருந்தது, கஷ்டப்பட்டுக் காப்பாற்றினேன் என்றார். பந்துக்கு நுரையீரல். அவள் தலையாட்டினாள்.

எனக்கு ஒரு மணிக்கட்டுப் பட்டை கொடுத்தாள். கடையில் இரண்டு வாங்கினாளாம், ஒன்று எனக்காம். யார் கேட்டார்கள்? இந்த மாதிரிப் பெண்களுக்கு யாருக்காவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அளவு சரியாக இருக்கிறது. இப்போதுதான் போட்டுப் பார்த்தேன், அளவு பார்க்க.

அக்டோபர் 9, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் போத்தலைப் பிடித்துக் கை வீசினேன். தோள் பிடித்திருந்தது, அதற்காக மட்டும்தான்.

அக்டோபர் 11, வெள்ளி

இன்று ஆயுத பூசை. மாமா துளையிடும் இயந்திரத்துக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தண்ணீரை மின்சுவிட்சின் மேல் தெளித்தார். கடையே இருண்டுவிட்டது. சகுனம் நல்லது என்றார்.

மாலையில் கிருபா வீட்டில் கூப்பிட்டிருந்தார்கள். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனேன். அவள் அம்மா மங்கையர்க்கரசி ஆண்டி, வீட்டில் இருந்த கணினி, தையல் இயந்திரம், கார், கீரை நறுக்கும் கத்தி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார். நடுவில் பட்டுத்துணியின் மேல் ராணி. பூ வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆண்டி குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, விரல் துளைகளுக்கு நடுவில், நெற்றியில் வைப்பது போலச் சரியாகப் பாலத்தின் மேல் ஒரு பெரிய பொட்டு வைத்தார்.

பிறகு எல்லோரும் சுண்டல் சாப்பிட்டோம். கிருபா பந்தைத் துடைக்க எடுத்தாள். பொட்டு போய்விட்டது. அதற்கடியில் ஒரு துளையிலிருந்து மறு துளைவரை சிவப்பாக ஒரு கோடு நின்றது. மறுபடி துடைத்தாள். கோடு போகவில்லை. குங்குமத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. பசை விட்டுப்போயிருக்கிறது.

"தமா, இது என்னா?" என்று என்னிடம் நீட்டினாள்.

எனக்குத் தெரியும் என்று தெரிந்துதான் கேட்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படி எல்லாம் இல்லை. அவளுக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிடையாது. கீறலாக இருக்கும், மாமாவிடம் காட்டு என்றேன். ஆண்டி கோட்டைப் பார்த்து, அம்மனே குங்குமத்தை ஏற்றுக்கொண்டாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சுண்டலை வீட்டுக்கும் கட்டிக் கொடுத்தார்கள். வழியில் கொட்டிவிட்டேன். 

அக்டோபர் 13, ஞாயிறு

கிருபா பந்தைக் கொண்டுவந்தாள். மாமா கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தார். மேல்தோலில் சின்னக் கீறல், அதில் குங்குமம் உட்கார்ந்துவிட்டது, சாமிப் பொருள்தானே என்று சிரித்தார். அவளை ஐஸ் மைலோ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அவள் போனதும் மறுபடி பசை, மறுபடி நகப்பூச்சு. இந்த முறை தூரிகை கோட்டை விட்டு வெளியே போனது.

அப்புறம் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இனித்தது. அவர் குரல் இனிக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

"தமா, போட்டியில ஏதாச்சும் ஆச்சுன்னு வை. சும்மா ஒரு விரல் கிழியும், அவ்ளோதான். அப்ப யாரு ஆடுவா? நீதான். மாமா உன்ன நெனச்சித்தான் பேசாம இருக்கேன்."

நான் தேய்க்கும் துணியை மடித்தேன்.

"யாராச்சும் கேட்டா, நீ தூக்கிட்டுப் போறப்ப கீழ போட்டுட்டேன்னு சொல்லிரு. சின்னப் பிள்ளைய யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. மாமா பேர் கெட்டா கடைக்கு எவனும் வரமாட்டான். அப்புறம் உன்ன எங்க வெச்சிப் பாக்குறது? உங்கம்மா அங்க ஒரு ரூம்ல எட்டுப் பேரோட படுத்துக் கெடக்குறா."

இவ்வளவு அசிங்கமான ஒன்றை ஒருவர் இவ்வளவு அன்பாகச் சொல்ல முடியும் என்பதை இன்றுதான் பார்த்தேன். மேலங்கியின் பையில் ஊதா நகப்பூச்சு ஒழுகியிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நான் ஆட வேண்டும் என்று அவரிடம் எப்போதாவது கேட்டேனா? அவருக்கு எப்படித் தெரியும்?

அக்டோபர் 15, செவ்வாய்

பயிற்சி. நான் பக்கத்துத் தளத்தில் நின்று துண்டு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மாற்று ஆட்டக்காரியின் வீர வாழ்க்கை இது.

கிருபா நன்றாகத்தான் ஆடினாள். பத்துப் பின்களும் விழும்போதெல்லாம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நானே அவற்றை அடித்துச் சாய்த்தது போல. ஒருமுறை பந்தை விட்டதும் கையை உதறினாள். நடுவிரலின் ஓரத்தில் தோல் கொஞ்சம் கிழிந்து ரத்தம். விரல் ரப்பரை விலக்கி உள்ளே தொட்டுப் பார்த்து, ஏதோ கூராக இருக்கிறது என்றாள்.

பிளாஸ்திரியை நான்தான் ஒட்டினேன். அவள் கை சூடாக இருந்தது.

"ஒங்க மாமா கிட்ட வியாழக்கெழம குடுக்குறேன். கடைசியா ஒருவாட்டி தேச்சிருவாரு. அவரு பாத்தா சரியாயிரும்" என்றாள்.

இவ்வளவு முட்டாளாக இருப்பதற்கு ஒருவருக்கு உரிமை கிடையாது. பார்க்கிற எல்லோரையும் நம்பிக்கொண்டு, வலித்தால்கூடச் சிரித்துக்கொண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு விரல் போனால் யார் பொறுப்பு?

பயிற்சியாளர் வந்து கிருபாவின் விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, எதற்கும் உன் சீருடையைத் துவைத்து வை என்றார்.

வீட்டுக்கு வந்து துவைத்தேன். தேய்த்தும் வைத்தேன். அலமாரியில் தொங்குகிறது. இப்போது அதைத் திறந்து பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தச் சீருடை மாமாவைப் போலவே சிரிக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

வேகமாக எழுதுகிறேன். பந்து என் மடியில் இருக்கிறது.

போட்டி தொடங்கிய பிறகு பந்தைத் தேய்க்கக் கூடாது. அது விதி. அதனால் முன்னதாகவே எல்லோரும் கொண்டுவந்து கொடுப்பார்கள். இன்று கடையில் பந்துகள் அடுக்கி வைத்திருந்தன. மாமா அவற்றை என்னிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கிருபாவின் பந்தைச் சுழல் மேசையில் வைத்தேன். தேய்க்கவில்லை. கைப்பையில் கொண்டுவந்திருந்த அத்தையின் நகப்பூச்சு அழிப்பானைத் துணியில் ஊற்றிப் பாலத்தின் மேல் வைத்து அழுத்தினேன். முதலில் ஊதா வந்தது. பிறகு பசை வெள்ளையாகக் குழைந்து வந்தது. கடைசியில் குங்குமம் வந்தது. விரல் ரப்பர்களைப் பிடுங்கினேன். விரிசல் துளையின் அடிவரை போயிருந்தது. என் நகம் உள்ளே போனது.

பந்தைச் சக்கரம் வைத்த உருட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமாவுக்கு மூன்று தடவை பொய் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினேன். அவரிடம் கற்ற ஒரே தொழில்.

இன்றிரவே மாமா குடைந்து பிசின் ஊற்றினால் சனிக்கிழமை காலைக்குள் இறுகிவிடும். போட்டி மதியம்தான். கிருபா இதே பந்தோடு ஆடலாம். நாளை என்றால் முடியாது. அதனால் ஏழு மணிக்கு அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கிருபா, உன் பந்து ஒடஞ்சிருக்கு. மாமா கார்ல வெச்சி வெடிச்சிருச்சி. பசை போட்டு மறைச்சாரு. நான் கீழ போடல."

 அவள் மெதுவாகக் கேட்டாள்.

"ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து."

"என் வெரல் கிழிஞ்சப்ப நீதான பிளாஸ்திரி ஒட்டுன?"

"ஆமா."

தொடர்பைத் துண்டித்துவிட்டாள்.

அவள் முட்டாள் என்று மேலே எழுதியிருந்தேன். அதை அடிக்கவில்லை. அடித்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சீருடையை எடுத்துப் பயிற்சியாளரிடம் திருப்பிக் கொடுக்க ஒரு பையில் வைத்தேன். கிருபா ஆடினால் அது எனக்குத் தேவைப்படாது. அவள் ஆட வேண்டும். அவ்வளவுதான், இதற்கு மேல் எழுத வராது.

கீழே கார் வந்து நின்றது. ஒன்று அல்ல, இரண்டு கார். படியில் மாமாவின் சிரிப்பு கேட்கிறது, வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு. மங்கையர்க்கரசி ஆண்டியின் குரலும் கேட்கிறது. அவர் சிரிக்கவில்லை.

மாமா கதவைத் தட்டுகிறார்.

"தமா கண்ணு, கதவத் தொற. ஆண்டியும் கிருபாவும் வந்திருக்காங்க. பந்தக் கீழ போட்டது நீதான்னு அன்னிக்கே என்கிட்ட அழுதீல்ல, அத இவங்க கிட்டயும் சொல்லிரு. யாரும் திட்ட மாட்டாங்க."

கீழே விழுந்த பந்தில், அடிபட்ட இடத்தில் தோல் நசுங்கிய தழும்பு இருக்கும். இதை விளக்குக்கு அடியில் வைத்து முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டேன். எங்கேயும் இல்லை. கிருபாவின் கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொல்வேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், பந்து நடுங்காது.

மறுபடி தட்டுகிறார். இப்போது குரலில் இனிப்பு இல்லை. பந்தைத் தூக்கிக்கொண்டுதான் கதவைத் திறக்கப் போகிறேன்.